நீர்க்கடுப்பு வேற, நீரடைப்பு வேற

இதை எழுதலாமா வேண்டாமான்னு ஒரு வாரம் யோசிச்சேன். வெட்கமாத்தான் இருக்கு.

ரெண்டு வருஷமா ராத்திரி நாலு தடவை எந்திரிப்பேன். ஒண்ணுக்குப் போனா சட்டுனு வராது, வந்தாலும் நூல் மாதிரி. மேலூர்ப் பக்கம் பெரியாறு கால்வாய்ல முறைத்தண்ணி ராத்திரியிலயும் வரும். மடை பார்க்க எந்திரிக்கிறவனுக்கு இது ஒரு விஷயமான்னு விட்டுட்டேன்.

போன மாசி மாசம் சளி பிடிச்சது. மூக்கு ஒழுகுறதுக்கு மெடிக்கல்ல கேட்டு மாத்திரை வாங்கிப் போட்டேன். மறுநாள் விடிஞ்சு போனா ஒரு சொட்டு வரல.

"சூடுதாங்க, நீர்க்கடுப்பு"ன்னு வீட்டுக்காரி இளநீர் வெட்டிக் குடுத்தா. அப்புறம் பார்லித் தண்ணி. அவ மேல தப்பில்ல, கடுப்புக்கு அதுதான் வைத்தியம். கடுப்புன்னா எரிச்சலோட கொஞ்சங்கொஞ்சமாவாவது போகும். எனக்கு வந்தது அடைப்பு. முட்டிக்கிட்டு நிக்கும், வராது. மடை அடைச்சுக் கிடக்கிற கண்மாய்க்கு மேல மேல தண்ணி விட்ட கதைதான். மத்தியானம் அடிவயிறு கல்லு மாதிரி ஆயிருச்சு. ஊருக்குத் தெரியக்கூடாதுன்னு வாயைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தேன். மருமகன்தான் ஆட்டோவுல தூக்கிப்போட்டு மதுரைக்குக் கொண்டுபோனான்.

பெரியாஸ்பத்திரி. இப்ப ராஜாஜி பேருல இருக்கு, எங்க அய்யா கடைசிவரைக்கும் எர்ஸ்கின் ஆஸ்பத்திரின்னுதான் சொல்வாரு. சின்ன வயசு டாக்டர், கூச்சப்படாம வயித்தை அமுக்கிப் பார்த்தாரு. மரத்துப்போற ஜெல்லைத் தடவி ரப்பர் குழாயை உள்ள விட்டாங்க. முனையில சின்ன பலூன் இருக்கு, உள்ள போனதும் அதுல கொஞ்சம் தண்ணி ஏத்துனா நழுவாம நிக்கும். பையில ஒரு லிட்டருக்கு மேல இறங்குச்சு. சாதாரணமா நானூறு, ஐநூறு மில்லியிலேயே நமக்கு முட்டிரும். அந்த நிம்மதியைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்ல.

மூத்திரப்பைக்குக் கீழ ஆம்பளைகளுக்கு புராஸ்டேட்னு ஒரு சுரப்பி இருக்காம். ஐம்பதைத் தாண்டுனா நிறையப் பேருக்கு அது வீங்கி வழியை நெரிக்கும். நெரிஞ்சு கிடந்த இடத்தை அந்தச் சளி மாத்திரை மொத்தமா இறுக்கிருச்சு. "அப்படியே விட்டிருந்தா கிட்னி போயிருக்கும்யா"ன்னாரு டாக்டர்.

வழியைத் தளர்த்துற மாத்திரை குடுத்து, சில நாள் கழிச்சுக் குழாயை எடுத்தாங்க. தானாப் போச்சு. மாத்திரை கேக்கலைன்னா ஆபரேசன், அதுவும் வயித்தைக் கிழிக்காம ஒண்ணுக்குப் போற வழியாவே செய்வாங்களாம். இப்ப எந்த மருந்து வாங்குனாலும் எனக்கு இது இருக்குன்னு முதல்ல சொல்லிர்றேன்.

வீட்டுக்கு வந்த அன்னிக்கு மேலத்தெரு பெரியப்பா பார்க்க வந்தாரு. எல்லாரும் எந்திரிச்சுப் போறவரைக்கும் உக்காந்திருந்தாரு. அப்புறம் மெதுவா, "ராத்திரி எத்தனை தடவைடா எந்திரிப்ப?"ன்னாரு.

"நாலு, பெரியப்பா."

"எனக்கு ஆறு"ன்னாரு.

திங்கக்கிழமை காலையில முதல் பஸ்ஸுக்கே அவரைக் கூட்டிட்டுப் போனேன்.