விரிசல் சொல்லும் செய்தி

திருத்தணிகை மலைக்கு 365 படிகள் உள்ளன. ஓர் ஆண்டிற்கு எத்தனை நாள்களோ அத்தனை படிகள் எனப் பெரியோர் கூறுவர். ஆடிக் கிருத்திகையன்று காவடி சுமந்து வரும் அடியார் கூட்டம் அப்படிகளின்மேல் அலையலையாக ஏறும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பர். மக்கள் வெள்ளம் ஏறிச் செல்லும் கல் தேயாதிருக்குமோ? ஆயினும் படியேறிப் பழகிய முதியவர் தேய்ந்த கல்லைக் கண்டு கலங்குவதில்லை. சிறிது பார்த்துக் கால்வைத்து ஏறிவிடுவர். அவர் அஞ்சுவது காலின்கீழ் அசையும் கல்லுக்கே. தேய்வு முதுமையைப் போன்றது. அசைவு நோயைப் போன்றது. முதுமை கண்டால் பேணுதல் போதும். நோய் கண்டால் மருத்துவனை நாடுதல் வேண்டும். மலைப்படிக்குப் பொருந்தும் இவ்வுண்மை தெருவின் நடைபாதைக்கும் பொருந்தும்.

திருத்தணிக்கு வடமேற்கே, ஆந்திர எல்லையை அடுத்து, பொதட்டூர்பேட்டை என்னும் பேரூர் அமைந்துள்ளது. அது நெசவாளர் வாழும் ஊர். தறியின் ஓசை கேட்கும் ஊர். நெசவாளர்க்குத் தெரு என்பது நடந்து செல்லும் வழி மட்டுமன்று. வைகறையில் தெருவில் பாவு விரித்துக் கஞ்சியிட்டு ஆற்றுதல் நெசவூர்களின் பழைய வழக்கம். தறிக்குச் செல்வோரும், நூல் சுமந்து வருவோரும், பள்ளிக்கு ஓடும் சிறுவரும், கோயிலுக்குச் செல்லும் மூதாட்டியரும் தெருவையே நம்பியுள்ளனர். இத்தகைய ஊர்களில் நடைபாதை என்பது பெரும்பாலும் தெருவோரக் கால்வாயை மூடிய பலகைக் கற்களே. மேலே மனிதர் நடப்பர். கீழே கழிவுநீர் ஓடும். ஆதலின் அங்கே ஒரு கல் பழுதுறுமாயின், அதனை மேலே மட்டும் நோக்கி மதிப்பிடுதல் பிழையாகும்.

ஒரு வீட்டின் முன்னுள்ள நடைபாதையில் விரிசல் கண்டது எனக் கொள்க. வீட்டுக்காரர் சிறிது சிமெண்டு குழைத்துப் பூசுகின்றார். இரண்டு மழைக்குப் பின் அதே இடத்தில் விரிசல் மீண்டும் தோன்றுகின்றது. முன்னினும் சற்று அகன்றிருக்கின்றது. அவர் மீண்டும் பூசுகின்றார். அது மீண்டும் பிளக்கின்றது. குறை சிமெண்டிலும் இல்லை. பூசிய கையிலும் இல்லை. கீழே உள்ள மண் நகர்ந்துகொண்டிருக்கின்றது. விரிசல் நோயன்று, நோயின் அடையாளம். அடையாளத்தை மறைப்பவன் நோயைத் தீர்த்தவன் ஆகான்.

நிலத்தின் பெருமையை நன்குணர்ந்தவர் ஸ்காத்லாந்து நாட்டில் பிறந்த ஜான் மெக்காடம் என்பவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் இங்கிலாந்தில் சாலை அமைக்கும் முறையையே மாற்றினார். பாரத்தைத் தாங்குவது மேலே இட்ட கல்லன்று, அடியிலுள்ள மண்ணே என்பது அவர் கொள்கை. அம்மண்ணை நீர் புகாமல் உலர்வாக வைத்திருந்தால் பாதை நிற்கும். நீர் புகவிட்டால் எத்துணைப் பருத்த கல்லை அடுக்கினும் பாதை தாழும். இருநூறு ஆண்டுகள் கடந்தும் இக்கொள்கை பழுதுபடவில்லை.

அங்ஙனமாயின், எந்தப் பழுதை வீட்டாரே செப்பனிடலாம்? எதற்கு அத்தொழில் கற்றவரை அழைத்தல் வேண்டும்? அறிதற்கு அரிய கருவிகள் வேண்டா. கண், காது, ஒரு கோல், ஓர் அளவுகோல் ஆகியவையே போதும்.

கான்கிரீட்டு உலரும்போது சிறிது சுருங்கும். அச்சுருக்கத்தால் மயிரிழை போன்ற விரிசல்கள் தோன்றுவதுண்டு. விரிசலின் இரு பக்கமும் ஒரே மட்டமாக இருந்து, பல திங்கள் கடந்தும் அது அகலாதிருந்தால் அஞ்சவேண்டுவதில்லை. தூசும் பாசியும் நீக்கி, நீர் உள்ளே இறங்காதவாறு அடைத்துவிடலாம். இது வீட்டாரின் கைக்கு அடங்கிய வேலை.

விரிசலின் ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் இருந்தால் செய்தி வேறு. மனிதன் இயல்பாக நடக்கும்போது அவன் கால்விரல் நுனி நிலத்திற்குமேல் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் அளவே உயர்ந்து செல்கின்றது. ஆதலின் ஒரு விரல் பருமன் உயர்ந்த விளிம்பும் ஒருவரைத் தடுக்கி வீழ்த்தப் போதுமானது. இளைஞன் தடுமாறி நிமிர்ந்துகொள்வான். முதுமையில் எலும்பு நொய்ந்தவர் விழுந்தால் இடுப்பெலும்பு முறிதலும் உண்டு. அதன்பின் பழையபடி நடக்க இயலாமற் போனவர் பலர். கண்பார்வையற்றவர்க்கோ அவ்விளிம்பு முன்னறிவிப்பின்றி வரும் பகையாகும்.

அடுத்து, கோலால் தட்டிப் பார்த்தல். உறுதியான தரை கெட்டியான ஒலி தரும். பானையைத் தட்டினாற் போன்ற வெற்றொலி எழுந்தால், அடியில் மண் அரிக்கப்பட்டு வெற்றிடம் உண்டாயிருக்கக்கூடும். உடைந்த குடிநீர்க் குழாயோ ஒழுகும் கால்வாயோ மண்ணைச் சிறிது சிறிதாகக் கொண்டுபோயிருக்கலாம். மழையில்லாத நாளிலும் அவ்விடத்தில் ஈரம் காணப்படின் ஐயம் வலுப்படும். ஆழம் அறியாமல் காலை விடாதே என்னும் பழமொழி ஆற்றுக்கு மட்டும் உரியதன்று. கால்வாயின் மேலிட்ட பலகையாயின் அதன் ஒலியே வேறுவகையானது. அங்கே ஒலியை விட்டு வேறு குறிகளைக் காணுதல் வேண்டும்.

அக்குறிகளுள் தலையாயது துருக்கறை. பலகையினுள் இரும்புக் கம்பிகள் உள்ளன. நீர் புகுந்து கம்பி துருப்பிடிக்கும்போது, துருவானது முன்பிருந்த இரும்பினும் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்கின்றது. இடம் போதாமையால் அது கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து உதிர்க்கின்றது. செம்பழுப்பு நிறக் கறையும், உதிர்ந்த துண்டுகளும், வெளியே தெரியும் கம்பியும் கண்டபின் அப்பலகையின்மேல் எவரும் கால்வைத்தல் ஆகாது. கால்வைத்தால் ஆடும் பலகையும் அத்தகையதே. அதன்மேல் சிமெண்டு பூசுதல், ஆபத்தின்மேல் போர்வை போர்த்துவதாகும். காண்பவர் அஞ்சி விலகுதற்கு இருந்த வாய்ப்பையும் அது போக்கிவிடும்.

மர வேரால் உயர்ந்த பாதைக்கும் கற்றவர் கருத்து வேண்டும். வேர் பாதையை உயர்த்துகின்றதென்று கோடரியெடுத்து வெட்டுவோர் உளர். மரத்தைத் தாங்கி நிற்கும் பெருவேரை வெட்டினால், அடுத்த பெருங்காற்றில் மரமே சாயக்கூடும். பாதையைச் சற்று வளைத்தல், வேரின்மேல் தளர்வான கற்களைப் பாவுதல் முதலிய வழிகள் உண்டு. நிழலையும் இழவாமல், வழியையும் கெடாமல் காப்பதே அறிவுடைமை.

இவையனைத்தினும் முதன்மையான எச்சரிக்கை ஒன்றுண்டு. பழுதுபார்க்கும் நோக்கத்தாலும் மூடிய சாக்கடைக்குள் ஒருவரும் இறங்கலாகாது. அங்கே உயிர்கொல்லும் நச்சுக் காற்றுத் தங்கியிருக்கும். அழுகிய முட்டையின் நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு மிகுந்துவிட்டால் நாற்றத்தை அறியும் மூக்கின் ஆற்றலையே அழித்துவிடும். நாற்றமில்லை என்று நம்பியவர் மீளாமற்போவர். காப்புக் கருவிகள் இன்றி ஒருவரைச் சாக்கடையைத் தூய்மை செய்ய இறக்குவதை 2013 ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. கூலி கொடுத்து வேறொருவரை இறக்குதலும் அக்குற்றமேயாகும்.

கற்றவரை அழைத்தல் என்பது பெரும்பாலும் பேரூராட்சிக்கு அறிவித்தலேயாகும். நடைபாதை பொதுவுடைமை அன்றோ? பழுதின் இடம், உயர்வு தாழ்வின் அளவு, முதலில் கண்ட நாள், மழையில் நேர்ந்த மாறுதல் ஆகியவற்றைத் தெளிவாக எழுதித் தெருவினர் பலரும் கையொப்பமிட்டுக் கொடுத்தல் நன்று. பொறியாளர் வரும்வரை அவ்விடத்தில் தடுப்பும் சிவப்புத் துணியும் வைத்தல் அயலார் கடமை. இது சலுகை வேண்டி நிற்றலன்று. மத்தியப் பிரதேசத்து ரத்லாம் நகர மக்கள் சாக்கடைக் கேட்டினைப் பற்றி முறையிட்ட வழக்கில், பணமில்லை என்று கூறி நகராட்சி தன் கடமையினின்று நழுவ இயலாது என உச்ச நீதிமன்றம் 1980 ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை, உயிர்வாழும் உரிமையின் பகுதியே என அந்நீதிமன்றம் 2025 ஆம் ஆண்டில் வலியுறுத்தியது. மாற்றுத் திறனாளர்க்கும் அப்பாதை தடையின்றிப் பயன்படல் வேண்டும் என்பதையும் அது எடுத்துரைத்தது.

காலமும் கருதத்தக்கது. வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் பழுதை நோக்கிவிடுதல் வேண்டும். புதிதாக இட்ட கான்கிரீட்டை ஏழு நாளேனும் ஈரம் காத்துப் பதப்படுத்துதல் இன்றியமையாதது. அவசரப்பட்டு மறுநாளே வண்டியை ஏற்றினால், செப்பனிட்டதே புதிய பழுதாகிவிடும். வெள்ளம் வருமுன் அணைபோடு என்னும் முதுமொழி இதற்கும் பொருந்தும்.

இவையெல்லாம் நெசவாளர் ஊரார்க்குப் புதியன அல்ல. தறியில் ஓர் இழை அறுந்தால் நெசவாளி தறியை நிறுத்தி, அவ்விழையை முடிந்து, மீண்டும் நெய்யத் தொடங்குகின்றான். இழைகள் ஒரே இடத்தில் அடுத்தடுத்து அறுமாயின் அவன் முடிந்துகொண்டே இருப்பதில்லை. பாவில் குறையோ, அச்சில் குறையோ என்று தேடுகின்றான். தன்னால் இயலாதாயின் அதனை அறிந்தவரை அழைக்கின்றான். அவ்வாறு அழைத்ததற்காக அவனை எவரும் இகழ்வதில்லை. நல்ல நெசவாளி என்றே மதிக்கின்றனர். தறியில் காட்டும் அவ்வறிவைத் தெருவிலும் காட்டினால், தலையில் நூற்சுமையோடு வரும் தாய் நிலம் நோக்காமலே நடந்து வீடு சேர்வாள்.