ஷிஃப்டை மாற்றும் முன்

"ஆளுங்க எதையும் மாத்த விடமாட்டாங்க சார்." கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நாலு மேலாளர்கள் கூடினால் வரும் புலம்பல் இது. எனக்கு இதில் உடன்பாடில்லை.

ஷிஃப்டை அரை மணி நேரம் முன்னால் தள்ளிப் பாருங்கள். மூர் மார்க்கெட்டிலிருந்து வரும் மின்சார ரயில் நமக்காக முன்னால் கிளம்பாது. தடா, சூளூர்ப்பேட்டை பக்கமிருந்து வருபவர் எத்தனை மணிக்கு எழுவார்? பிள்ளையைப் பள்ளிக்கு யார் அனுப்புவது? நாம் 'எதிர்ப்பு' என்று எழுதிக்கொள்வதில் பாதி இந்தக் கேள்விகள்தான்.

இவற்றைக் கேட்காமல் மாற்றினால் என்ன ஆகும்? 2023 ஏப்ரல் 21 அன்று, 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் தமிழகச் சட்டப்பேரவையில் நிறைவேறியது. ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மூன்றே நாளில் நிறுத்திவைப்பு. மே தினத்தன்று வாபஸ். சட்டம் முதலில், பேச்சு பிறகு என்றால் இதுதான் நடக்கும்.

1947-ஆம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டத்தின் 9ஏ பிரிவே, ஷிஃப்ட் போன்ற பணி நிலைமைகளை மாற்ற 21 நாள் முன்னறிவிப்புக் கேட்டது. அந்த நாட்களை நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டிக் கடத்தாதீர்கள். சூப்பர்வைசரையும், ஒடிசா, பீகார் தம்பிகளையும் உட்காரவைத்து அவரவர் மொழியில் கேளுங்கள். கேட்டபின் உங்கள் திட்டத்தையும் கொஞ்சம் மாற்றுங்கள்.