ஒரு பெட்டியில் நானூறு விளையாட்டாம்!

போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்பத்தூரிலிருந்து குடும்பத்தோடு திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலுக்குப் போயிருந்தோம். தரிசனம் முடிந்து வெளியே வந்தால், வளையல் கடைக்கும் பொரிகடலைக் கடைக்கும் நடுவே வரிசையாகத் தொங்கின அந்தப் பெட்டிகள்! உள்ளங்கை அகலம், சின்னத் திரை, அட்டையின் மேல் '400 விளையாட்டுகள்' என்று கொட்டை எழுத்து. விலை 350 ரூபாய்.

என் ஒன்பது வயதுப் பிள்ளை அங்கேயே நின்றுவிட்டான். கூட வந்திருந்த என் நாத்தனார், "விடுங்க அண்ணி, குழந்தை ஆசைப்படறான். உங்க போனைத் தொடாம இருப்பானில்லே?" என்று பர்ஸைத் திறந்தாள். போன் தொல்லை ஒழிந்தால் சரி என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

முதல் இரண்டு நாள் வீடு அமைதியோ அமைதி! மூன்றாம் நாள் ஆரம்பித்தது வினை. பெட்டியைத் தரையில் தட்டுவான். "போ, ஏமாத்தறே!" என்று அதனோடு சண்டை போடுவான். தங்கையைக் கிள்ளுவான். 'தோற்றால் பொறுத்துக்கொள்ளத் தெரியவில்லையே, இவ்வளவு பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது?' என்று மாமியார் வீட்டு வம்சத்தையெல்லாம் மனத்துக்குள் அலசினேன். ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கேற்றுகிற நேரம், பெட்டி சுவரில் போய் மோதியது. வந்த கோபத்தில் கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டேன். "நான் அமுக்கறேம்மா, அது குதிக்கவே மாட்டேங்குது!" என்று விம்மி விம்மி அழுதான். என் காதில் ஏறவில்லை.

இரவு எல்லோரும் தூங்கின பிறகு அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு இது ஒன்றும் புதிசில்லை. 1990-களில் ஆவடியில் எங்கள் வீட்டிலும் டீவியில் மாட்டி ஆடுகிற பெட்டி ஒன்று இருந்தது. பர்மா பஜாரிலிருந்து அப்பா வாங்கி வந்த கேசட்டின் மேல் ஒன்பது ஒன்பதாக ஏழு தடவை அச்சடித்திருக்கும். உள்ளே இருந்தது பத்து விளையாட்டுகூட இல்லை! ஆனாலும் ஆடுகிற பழக்கம் விரலில் இருக்கிறதே.

ஆடிப் பார்த்தேன். குதிக்கிற பட்டனை மூன்று தடவை அமுக்கினால் ஒரு தடவைதான் குதிக்கிறது. அதற்குள் பொம்மை குழியில் விழுந்து செத்துப் போகிறது. சிலவற்றில் பாதி ஆட்டத்திலேயே திரை உறைந்துவிடுகிறது. ஒரே விளையாட்டு, கலரை மாற்றி, பெயரை மாற்றி எட்டு இடத்தில். பேப்பரும் பேனாவுமாக எண்ணிக்கொண்டே போனேன். நானூறில் 61-தான் தேறியது. மணி ஒன்று. குழந்தை சொன்னது அத்தனையும் நிஜம். கன்னத்தில் வாங்கினது மட்டும் அவன்.

மறுநாள் இதைத் தம்பியிடம் போனில் சொன்னபோது, "அக்கா, இதனால ஒரு தேசத்து வியாபாரமே கவிழ்ந்திருக்கு!" என்றான். 1982-இல் அமெரிக்காவில் அடாரி கம்பெனி, கிறிஸ்துமஸ் விற்பனைக்குள் முடித்தாக வேண்டும் என்று 'ஈ.டி.' என்ற விளையாட்டை ஐந்தே வாரத்தில் செய்து லட்சக்கணக்கில் கடைக்கு அனுப்பியதாம். வேறு கம்பெனிகளும் கண்டதைச் செய்து குவித்தார்கள். எது நல்லது, எது மட்டம் என்று தெரியாமல் ஜனங்கள் வாங்குவதையே விட்டார்கள். 1983-இல் விற்காத கேசட்டுகளை நியூ மெக்ஸிகோவில் ஒரு குப்பைக் கிடங்கில் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். 2014-இல் தோண்டியும் எடுத்தார்கள். அப்புறம் 1985-இல் அங்கே வந்த நின்டெண்டோ, தன் அனுமதி இல்லாத கேசட் ஓடாதபடி பெட்டிக்குள்ளேயே ஒரு பூட்டு வைத்தது. வெளிக் கம்பெனிகளுக்கு வருஷத்துக்கு ஐந்து விளையாட்டு என்று கட்டுப்பாடும் போட்டதாம்.

நம் ஊரில் அந்தப் பூட்டு ஏது? மத்திய அரசு ஆணைப்படி, வீடியோ கேம் கருவிகளுக்கு பி.ஐ.எஸ். பதிவு கட்டாயம். 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். அது நிஜமா என்று 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டுப் பார்க்கலாம். எங்கள் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒன்றையும் காணோம். ஆனால் ஒன்று: அந்த எண் இருந்தாலும் ஷாக் அடிக்காது, தீப்பிடிக்காது என்பதற்குத்தான். விளையாட்டு ஒழுங்காக இருக்குமா என்று சொல்ல எந்த முத்திரையும் கிடையாது. போனில் இலவசமாக வருகிறவை மட்டும் என்ன வாழ்ந்தது! நிமிஷத்துக்கொரு விளம்பரம், அதை மூடுகிற பெருக்கல் குறியோ கடுகளவு. குழந்தை விரல் தப்பாமல் வேறெங்கோ பட்டு இன்னொன்று இறங்கிவிடுகிறது. இப்போதெல்லாம் எதுவானாலும் முதலில் பத்து நிமிஷம் நான் ஆடிப் பார்க்கிறேன். அதுவரை அடுப்பில் குழம்பு பொங்கினால் பொங்கட்டும்!

அன்று காலை அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, "தப்பு உன்மேல இல்லடா கண்ணா, அம்மா தெரியாம அடிச்சுட்டேன்" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. "நீயும் குழியில விழுந்தியா?" என்று மட்டும் கேட்டான். "நிறையத் தடவை" என்றேன்.

சாயங்காலம் அவன் அப்பா ஸ்க்ரூ டிரைவரால் பெட்டியைப் பிரித்துக் காட்டினார். பட்டன்களுக்கு அடியில் ரப்பர், ஒவ்வொன்றின் கீழும் ஒரு கறுப்புப் பொட்டு. அது தகட்டில் பட்டால்தான் பட்டன் வேலை செய்யுமாம். குதிக்கிற பட்டனுக்கு மட்டும் பொட்டில் பாதியைக் காணோம்.

அந்த ரப்பரைப் பத்திரமாக ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறான். போன வாரம் நாத்தனார் வந்தபோது முதல் வேலையாக அதைத் திறந்து, "பாருங்க அத்தை, பொட்டே இல்லை!" என்று காட்டினான்.