துள்ளும் பந்து

பணி ஓய்வு பெற்றவனுக்கு யூட்யூப் ஒரு தனி உலகம். போன வாரம் தூக்கம் வராமல் துழாவிக்கொண்டிருந்தபோது நூறு வருஷத்துக் கார்ட்டூன்கள் சில மாட்டின. அமெரிக்காவில் மாக்ஸ் ஃப்ளைஷர், டேவ் ஃப்ளைஷர் என்ற சகோதரர்கள் 1924 முதல் 1927 வரை எடுத்த 'சாங் கார்-ட்யூன்ஸ்' வரிசை. படம் பேசாத காலம். ஆனாலும் கொட்டகையே பாடியிருக்கிறது!

கோகோ என்ற கோமாளி வந்து கொஞ்சம் சேஷ்டை செய்வான். பிறகு கறுப்புத் திரையில் பாட்டு வரிகள் வெள்ளை எழுத்தில் வரும். அவற்றின் மேல் ஒரு வெள்ளைப் பந்து தாளத்தோடு துள்ளிப் போகும். கொட்டகையில் பியானோவோ ஆர்கனோ வாசிக்க, பந்தைப் பார்த்து ஜனங்கள் பாட வேண்டியது. அந்தப் பந்து வரைந்ததல்ல என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ஒரு குச்சியின் நுனியில் பந்தை மாட்டி, பாட்டுக்குத் தகுந்தபடி ஒரு ஆள் ஆட்ட, அதைப் படம் பிடித்தார்கள். குச்சியும் கையும் இருட்டில் மறைந்துவிடும். சிலவற்றுக்கு லீ டி ஃபாரஸ்டின் முறையில் ஒலியும் சேர்த்தார்கள். மிக்கி மவுஸின் 'ஸ்டீம்போட் வில்லி' வந்த 1928-க்கு முன்பே!

ஆனால் நாலைந்து பார்த்தால் அலுத்துவிடுகிறது. எல்லாம் ஒரே அச்சு. கடைசியில் பந்துக்குப் பதில் ஒரு குட்டி உருவம் எழுத்துகள் மேல் ஏறிக் குதிக்கும். அந்த அரை நிமிஷம்தான் விளையாட்டு. கறுப்பின மக்களைக் கேலி செய்த மேடைகளில் பிறந்த பாட்டுகளும் வரிசையில் உண்டு. அவற்றை ரசிக்க மனசு வரவில்லை.

இந்தப் பந்து அந்நாளைய சென்னையில் துள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ரகுபதி வெங்கையாவின் கெயிட்டி 1914-லேயே வந்துவிட்டது. ஆனால் 1921-ல் சென்னை மாகாணத்தில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். அதனால்தான் ஊமைப்படத்துக்கு ஒருவர் பக்கத்தில் நின்று கதை சொன்னார். தவிர, ஒரே வரிக்குப் பத்து சங்கதி போடும் நம் பாகவதர்களிடம் அந்தப் பந்து திண்டாடிப் போயிருக்கும்! நமக்கு வாய்த்தது, பேசும்படம் வந்தபின் கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம்.

இதையெல்லாம் இவ்வளவு தூரம் யோசிக்கக் காரணம் என் அண்ணன். இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. வேளச்சேரியில் எங்களோடுதான் இருக்கிறார். "தண்ணி" என்று கேட்க வராது. பழைய பாட்டு ஒன்றை நாம் எடுத்துக்கொடுத்தால் நாலு சொல் சேர்ந்து வரும். பேச்சு போனாலும் பாட்டு சிலருக்குத் தங்கும் என்று பயிற்சி தருகிற பெண் சொன்னாள்.

போனில் கரோக்கி போட்டுப் பார்த்தோம். எழுத்துகள் வரிசையாக நிறம் மாறும். அந்தப் பந்தின் பேரப்பிள்ளை என்று சொல்லலாம். அண்ணன் மூன்றாவது வரியில் பின்தங்கிவிட்டார். எழுத்து நிற்கவில்லை. முகம் சிவந்து சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கொட்டகையில் நூறு பேர் பாடும்போது ஒருவர் நாலு சொல்லை விட்டாலும் அடுத்த வரியில் தொற்றிக்கொள்ளலாம். தனி ஆளுக்கு அது எப்படி?

இப்போது போன் வேண்டாம் என்று வைத்துவிட்டேன். அம்மா சேர்த்து வைத்திருந்த பாட்டுப் புத்தகங்களில் நாலைந்து மிச்சம். சாயங்காலம் காபி ஆனதும் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு, வரியின் கீழே விரலை நகர்த்திக்கொண்டே நான் பாடுவேன். அவர் தடுக்கினால் விரல் அங்கேயே நிற்கும். நேற்று பல்லவி முழுசாக வந்தது. சரணத்துக்கு இன்னும் போகவில்லை.