முந்தினால் இரண்டு, பிந்தினால் ஒன்று

எங்கள் ஊர்ப்பக்கம் ராலி என்று சொன்னால் எந்தக் கட்சி என்று கேட்பார்கள். காட்ரோடு முக்கில் இருக்கும் டீக்கடையில் முதல் தடவை இந்தப் பேச்சை எடுத்தபோது அப்படித்தான் ஆனது. "கார் ராலிண்ணே" என்றேன். "அதேன் கேக்குறேன், எந்தக் கட்சி? தலைக்கு எம்புட்டுத் தர்றாங்க?" என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர். அவரைக் குறை சொல்ல முடியாது. நம் பத்திரிகைகளே கார் ராலியைக் 'கார் பேரணி' என்று எழுதுகின்றன. பேரணி என்றால் கொடி கட்டி, கோஷம் போட்டு, வரிசையாகப் போவது. ராலியில் ஒவ்வொரு வண்டியும் ஒரு நிமிஷமோ இரண்டு நிமிஷமோ இடைவெளி விட்டுத் தனித்தனியாகக் கிளம்பும். பக்கத்தில் யாரும் ஓடமாட்டார்கள். கடிகாரத்தோடுதான் போட்டி.

வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் போகும் சாலையில், கொடைக்கானல் மலைப்பாதை பிரியும் இடத்தை ஒட்டி இருக்கிறது எங்கள் கெங்குவார்பட்டி. மலைப்பாதையை வாசலில் வைத்துக்கொண்டு வளர்ந்த பையன்களுக்கு என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. என் சித்தி மகனுக்கும் அதுதான் ஆனது. என்னைவிட எட்டு வயது சின்னவன். கூட்டாளிகள் நாலைந்து பேரோடு விடிகாலையில் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவான். காட்ரோட்டிலிருந்து டம்டம் பாறைக்கு இத்தனை நிமிஷம், ஊத்துக்கு இத்தனை நிமிஷம் என்று போனில் குறித்து வைத்துக்கொள்வார்கள். ஒரு நாள் வளைவில் கேரட் ஏற்றி இறங்கிய லாரியைப் பார்த்து பிரேக் அடித்ததில் பைக் படுத்துவிட்டது. காலில் பிளேட் வைத்தார்கள். நான் பெங்களூரிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றால், அவன் முதலில் சொன்னது, "அண்ணே, ஊத்து வரைக்கும் இப்பவும் என் டைம்தேன் பெஸ்ட்டு."

அறையலாம் போல இருந்தது. சித்தி அழுதுகொண்டிருந்ததால் அறையவில்லை. ஆனால் அந்த வாக்கியம் மனசிலேயே கிடந்தது. அவனுக்கு வேகப் பைத்தியம் இருந்தது வாஸ்தவம். அதைவிட அதிகமாகக் கணக்குப் பைத்தியம் இருந்தது. எந்த நாள், எந்த வளைவில் எத்தனை வினாடி போச்சு என்று நோட்டுப் போட்டு வைத்திருந்தான். அந்த நோட்டை நீட்டிக் காட்ட அவனுக்கு ஒரு இடம் இல்லாமல் இருந்தது.

அந்த இடம் எங்கே இருக்கிறது என்பது அவன் கால் கூடிய அடுத்த வருஷம் தெரிந்தது. ஆபீஸில் கூட வேலை பார்த்தவர் ஒருவர் கோயம்புத்தூர் பக்கம் நடக்கும் டிஎஸ்டி ராலி பற்றிச் சொன்னார். டைம், ஸ்பீடு, டிஸ்டன்ஸ். சொந்தக் கார் போதும், லைசென்ஸ் போதும், சீட் பெல்ட் போதும். ரோல் கேஜ் வேண்டாம், தீப்பிடிக்காத உடை வேண்டாம். அவன் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்ல, என்னுடைய பழைய ஸ்விஃப்டில் போனோம்.

கிளம்பச் சில நிமிஷம் முன்னால் கையில் ஒரு ரோடு புக் கொடுப்பார்கள். ஊர்ப்பேர் இருக்காது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு கட்டம், அதில் ஒரு புள்ளி, ஒரு அம்பு, அதுவரை எத்தனை கிலோமீட்டர் என்ற எண். புள்ளி நாம் வரும் திசை, அம்பு போகவேண்டிய திசை. இந்தப் படத்துக்கு டூலிப் என்று பெயர். நெதர்லாந்தில் 1949-ல் ஆரம்பித்த டூலிப் ராலியிலிருந்து வந்தது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சராசரி வேகம் தந்திருப்பார்கள். 30 கிலோமீட்டர் வேகம் என்று போட்டிருந்தால் ஏழரைக் கிலோமீட்டரை சரியாகப் பதினைந்து நிமிஷத்தில் கடக்க வேண்டும். வழியில் எங்கேயோ ஒரு புளியமரத்தடியில் கடிகாரத்தோடு ஆள் உட்கார்ந்திருப்பார். எங்கே என்று சொல்லமாட்டார்கள். பிந்தி வந்தால் நிமிஷத்துக்கு ஒரு தண்டப் புள்ளி. நாங்கள் போன போட்டியில் முந்தி வந்தால் நிமிஷத்துக்கு இரண்டு.

இந்த இரண்டாவது விதியை நான் மூன்று தடவை படித்துக் காட்டியும் தம்பியின் காலுக்கு எட்டவில்லை. முன்னால் போன காரின் புழுதி தெரிந்ததும் மிதித்தான். அதைத் தாண்டி சந்தோஷமாகத் திரும்பினால் புளியமரத்தடி. மூன்று நிமிஷம் முந்தி வந்திருக்கிறோம், ஆறு புள்ளி தண்டம். மலைப்பாதையில் எந்த வேகம் அவனுக்குப் பேர் வாங்கித் தந்ததோ, அதற்கே இங்கே அபராதம். முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. போட்டிக்கு முன்னால் அளவு பார்க்க ஒரு தூரம் தருவார்கள். அவர்கள் கணக்கில் 10 கிலோமீட்டர், எங்கள் கார் மீட்டரில் 10.3 காட்டியது. டயர் தேய்மானம், காற்று, மீட்டரின் குணம் என்று வண்டிக்கு வண்டி இது மாறும். ஆகவே மீட்டர் காட்டுவதை 1.03-ஆல் வகுக்க வேண்டும். நான் பெருக்கினேன். பெருக்கியதும் போகாத தூரத்தைப் போனதாக நினைத்து, அதற்குத் தக்க நேரத்துக்காக வண்டியை மெதுவாக விடச் சொல்லிக்கொண்டே வந்தேன். இருபது நிமிஷ ஓட்டத்துக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் பிந்தினோம். நாள் முழுக்க. கடைசியில் கணக்குப் பார்த்தால் அவன் வேகத்தால் போனதைவிட என் கணக்கால் போன புள்ளிதான் அதிகம். "ஏண்ணே, இதுக்கா பெங்களூர்ல மாசாமாசம் சம்பளம் போடுறாங்க?" என்றான். பதில் இல்லை.

மத்தியானம் சாப்பாட்டுப் பந்தியில் போட்டி நடத்தியவர்களில் ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தம்பி, அடுத்த வருஷமும் வாங்க. ரெண்டு வண்டியக் கூட்டிட்டு வாங்க. வருஷா வருஷம் அதே முகத்தையே பார்த்துட்டு இருக்கோம்" என்றார். நிஜமாகவே அழைத்தார், ஏக்கத்தோடு அழைத்தார். ஆனால் கொஞ்ச நேரத்தில் சுவரில் ஒட்டிய முடிவுப் பட்டியலில், பத்து வருஷம் ஓடிய ஆட்களுக்கும் எங்களுக்கும் ஒரே வரிசை. கிட்டத்தட்ட அடியில் இருந்தோம். எங்களுக்குக் கீழே இருந்த வண்டி பாதி வழியில் ரேடியேட்டர் போய் நின்றது. முதல் முறை வந்த ஒரு கணவன் மனைவி அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, பரிசளிப்புக்குக் காத்திருக்காமல் கிளம்பினார்கள். அடுத்த வருஷம் அவர்கள் வரவில்லை.

இதற்கு என்ன செய்யலாம் என்பதை எனக்குச் சொன்னவருக்கு ராலி என்றால் என்னவென்றே தெரியாது. தேனி, கம்பம் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்தவர்களுக்குத் தெரியும், போஸ்டரிலேயே பிரிவுகள் வரிசையாக இருக்கும். பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு, தட்டான் சிட்டு. பேரைக் கேட்டாலே வளர்க்கத் தோன்றும். பெரிய மாட்டுக்குத் தூரம் அதிகம், சிட்டுகளுக்குக் குறைவு. ஒவ்வொரு பிரிவுக்கும் தனிப் பரிசு. எங்கள் சொந்தத்தில் பந்தய மாடு வளர்த்த பெரியப்பா ஒருவர் இருக்கிறார். எதற்கு இத்தனை பிரிவு என்று கேட்டேன். "எடுத்த எடுப்புல எவன்டா பெரிய மாடு வாங்குவான்? லச்சக்கணக்குல போகும். கன்னுக்குட்டி வச்சிருக்கவனும் வண்டி பூட்டணும்ல? இன்னைக்குத் தட்டான் சிட்டுல ஓட்டுறவன்தேன் நாளைக்குப் பெரிய மாட்டுக்கு வருவான். அம்புட்டுத்தேன்."

சர்வதேச மோட்டார் சம்மேளனமும் இதே மாதிரிதான் ராலி கார்களை ராலி 1 முதல் ராலி 5 வரை அடுக்கி வைத்திருக்கிறது. நம் தேசிய ராலி சாம்பியன்ஷிப் 1988-லிருந்து நடக்கிறது. அதிலும் பிரிவுகள் உண்டு. ஆனால் அதன் கடைசிப் படியில் ஏறவே ரோல் கேஜ், ஹெல்மெட், பந்தய இருக்கை, போட்டி லைசென்ஸ் எல்லாம் வேண்டும். அதற்குக் கீழே, கன்னுக்குட்டி வைத்திருப்பவனுக்கு ஒரு படி வேண்டும். டிஎஸ்டிதான் அந்தப் படி. அதை நடத்துகிறவர்கள் அதற்குள்ளும் ஒரு தட்டான் சிட்டு வைக்கலாம். முதல் வருஷ ஆட்களுக்குத் தனிப் பட்டியல், குறைந்த தூரம், சுலபமான எண்கள், முடித்து வந்தவர் எல்லோருக்கும் ஒரு சின்ன ஷீல்டு.

மலிவான படி என்ன செய்யும் என்பதற்குக் கோயம்புத்தூரே சாட்சி. செட்டிபாளையத்தில் இருக்கும் ஓட்டக்களம் கரிவரதன் பேரில் இருக்கிறது. அந்த மனிதர் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற சின்ன ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். வெளிநாட்டிலிருந்து காரை இறக்கும் வசதி இல்லாதவர்களுக்கும் களத்தில் இடம் கிடைத்தது. நரேன் கார்த்திகேயன் பந்தயத்தைத் தொடங்கியது அந்த வண்டியில்தான். 2005-ல் ஃபார்முலா ஒன் வரை போனார். அவர் அப்பா தென்னிந்திய ராலியில் ஓடியவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டில் ஒருவர் ஓட்டினால் பிள்ளைக்கு வழி தெரியும். வீட்டில் யாரும் ஓட்டாத பிள்ளைக்குத்தான் சின்ன வண்டி அவசியம்.

சுவீடனில் ஃபோக்ரேஸ் என்று ஒன்று உண்டு. பந்தயம் முடிந்ததும் உன் காரை யாராவது கேட்டால் முன்பே நிர்ணயித்த சொற்ப விலைக்கு விற்றே ஆக வேண்டும். மாட்டேன் என்றால் போட்டி லைசென்ஸ் போய்விடும். அப்புறம் எவன் எஞ்சினில் பணத்தைக் கொட்டுவான்? பணக்காரனைத் தடுக்க இதைவிடச் சாமர்த்தியமான விதியை நான் கேள்விப்பட்டதில்லை. பிரிட்டனில் பன்னிரண்டு கார் ராலி என்றே பேர். பன்னிரண்டு வண்டிக்கு மேல் சேர்க்கக் கூடாது, அதனால் அனுமதி நடைமுறையும் சுலபம். சின்ன கிளப்கள் சாயங்கால வேளைகளில் நடத்துகின்றன.

நண்பர்களிடம் இதைச் சொன்னால் உடனே வரும் கேள்வி, "ஆள் சாகணுமா?" நியாயமான கேள்வி. 2019 செப்டம்பரில் ராஜஸ்தானில் பார்மர் பக்கம் தேசிய ராலியின் ஒரு சுற்றில், மூடப்பட்ட பாதைக்குள் வந்துவிட்ட பைக்கில் போட்டிக் கார் மோதி ஒரே குடும்பத்தில் மூன்று பேர் இறந்தார்கள். பாதையை மூடிவிட்டோம் என்று சொல்வது சுலபம். கிராமத்துப் பாதைக்கு எத்தனை சந்து, எத்தனை வரப்பு வழி என்று அந்த ஊர்க்காரனுக்குத்தான் தெரியும். அதனால் வேகச் சுற்று ராலிக்கு ஆள் சேர்ப்பதில் எனக்கு இன்னும் தயக்கம் உண்டு. எங்கள் மலைப்பாதையில் அப்படி ஒன்று வேண்டும் என்று யாராவது கேட்டால் நானே எதிர்ப்பேன். பஸ் போகும் பாதை, காட்டுமாடு குறுக்கே வரும் பாதை. மாட்டுவண்டிப் பந்தயத்துக்கே 2014-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டு, 2017-ல் மாநிலச் சட்டம் வந்து, அது 2023-ல்தான் செல்லும் என்று ஆனது. ரோட்டில் எதை ஓட்டினாலும் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆனால் இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். போட்டி இல்லாததால் விடிகாலை மலைப்பாதை காலியாகக் கிடக்கவில்லை. பையன்கள் அங்கேதான் இருக்கிறார்கள், ஹெல்மெட்டைப் பெட்ரோல் டாங்கில் வைத்துக்கொண்டு.

போன வருஷம் நாங்களே ஒன்று செய்து பார்த்தோம். வக்கீல் நண்பர் ஒருவர் மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவை எடுத்துக் காட்டினார். பொது ரோட்டில் அரசின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் பந்தயமோ வேகச் சோதனையோ கூடாது. "நீங்க வேகத்தச் சோதிக்கல. ஆனாலும் பந்தயம்னு எழுதாதீங்க, வண்டியில நம்பர் ஒட்டாதீங்க, காசு வைக்காதீங்க. வண்டி கூடுச்சுன்னா முறையா எழுதி வாங்கிருங்க" என்றார். ஆறு வண்டிதான். கெங்குவார்பட்டியில் கிளம்பி ஜி.கல்லுப்பட்டி, தேவதானப்பட்டி, மஞ்சளாறு அணைப் பக்கம் போய்த் திரும்ப வேண்டும். சராசரி 28 கிலோமீட்டர் வேகம். ரோடு புக்கை நான் வீட்டில் அச்சடித்தேன். இந்தத் தடவை வகுத்தேன். தம்பியின் பழைய கூட்டாளிகள் மூன்று கார்களில் வந்தார்கள், தம்பி ஒன்றில், என் ஸ்கூல் நண்பன் ஒன்றில். ஆறாவது வண்டி எங்கள் தெருக்காரர் ஒருவரின் குட்டியானை. மாங்காய் லோடு அடிப்பவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பெட்ரோல் காச விடு, நானும் வர்றேன்" என்றார். பக்கத்தில் அவர் மனைவி, மடியில் பிள்ளையின் ரஃப் நோட்டு, கையில் பழைய வாட்ச்.

நான் மஞ்சளாறு ரோட்டில் ஒரு தென்னந்தோப்பு ஓரம் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தேன். கூட்டாளிகள் மூவரும் முந்தி வந்தார்கள். தம்பி அரை நிமிஷம் பிந்தி வந்தான். இதைப் பார்க்கத்தான் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன் என்று தோன்றியது. குட்டியானை வந்தபோது கடிகாரத்தைப் பார்த்தேன், மறுபடி பார்த்தேன். நாலே வினாடி வித்தியாசம். அவருக்கு இந்தக் கணக்கெல்லாம் புதுசு இல்லை. திடுதிப்பென்று மிதித்தால் அடியில் இருக்கும் பழம் நசுங்கும், பிந்தினால் மண்டியில் விலை போய்விடும். வருஷக்கணக்காக அதை ஓட்டிக்கொண்டிருக்கிறார். தம்பிக்கு இரண்டாவது இடம். குட்டியானையைச் சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்த்தான், ஏதோ ரகசியம் இருக்கிற மாதிரி.

பரிசு ஒன்றும் வைக்கவில்லை. காட்ரோடு முக்கில் எல்லோருக்கும் டீயும் வடையும். டீக்கடைக்காரர் வண்டிகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "இம்புட்டுத்தேன் கூட்டமா?" என்றார். அந்த அக்கா டீயைக் கையில் வைத்துக்கொண்டு ரஃப் நோட்டிலிருந்து தலை நிமிரவே இல்லை, நாலு வினாடி எங்கே போச்சு என்று தேடிக்கொண்டிருந்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, அடுத்தது எப்பப்பா? ஞாயித்துக்கிழமையா பார்த்து வைங்க. அவுகளுக்கு அன்னைக்குத்தேன் லோடு இருக்காது. எங்க கொழுந்தன் வண்டியும் ஒண்ணு இருக்கு."