பனியில் ஒரு டிசம்பர்



குளிர் என்றால் எல்லோரும் ஊட்டி, கொடைக்கானல் என்றுதான் சொல்வார்கள். நம்ம ஓசூரும் கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம்தான். மார்கழி காலையில் எதிரே வருகிற பஸ் தெரியாது, அதன் ஹெட்லைட்தான் தெரியும். நான் எழுதுவது 2019 டிசம்பரைப் பற்றி. அப்போது நான் மூன்றாம் வகுப்பு.

என் அப்பா சிப்காட்டில் லாரிக்கு கியர் செய்யும் சின்ன கம்பெனியில் காண்ட்ராக்ட் தொழிலாளி. அந்த வருடம் ஆகஸ்டில் நாடு முழுவதும் பயணிகள் வாகன விற்பனை, 2018 ஆகஸ்டை விட 31 சதவீதத்துக்கு மேல் குறைந்துபோனது. பெரிய லாரிகள் பாதிகூட விற்கவில்லை. லாரி விற்காவிட்டால் கியர் எதற்கு? முதலில் நைட் ஷிப்ட் நின்றது. பிறகு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. டிசம்பரில் "சொல்லி அனுப்புறோம்" என்று அனுப்பிவிட்டார்கள்.

ஏன் இப்படி என்று பின்னாளில் அப்பாவிடம் கேட்டேன். "2018-ல லாரியில ஏத்துற எடையை அரசாங்கம் கூட்டிடுச்சும்மா. ஆறு லாரி சுமையை அஞ்சு லாரி தூக்கிட்டா ஆறாவது லாரியை யார் வாங்குவா?" என்றார். கடன் கொடுக்கும் பைனான்ஸ் கம்பெனிகளும் அப்போது சிக்கலில் இருந்தன. 2020 ஏப்ரலில் இருந்து பி.எஸ்.6 வண்டிதான் விற்கணும் என்று சட்டம் வேறு. அதனால் வாங்குகிறவர்களும் பொறுத்துப் பார்க்கலாம் என்று இருந்துவிட்டார்கள்.

வீட்டில் அதெல்லாம் யாரும் பேசவில்லை. தர்மபுரி பக்கம் தாத்தா ஊருக்கே போய்விடலாமா என்றுதான் ராத்திரி பேசுவார்கள். அக்கா பத்தாம் வகுப்பு. நடு வருஷத்தில் டி.சி. வாங்கினால் எந்தப் பள்ளியில் சேர்ப்பார்கள்? அவள் போர்வைக்குள் அழுவது எனக்குக் கேட்கும்.

அம்மா ரோஜாத் தோட்டத்து கிரீன் ஹவுஸில் கூலி வேலை. பிப்ரவரி 14-க்கு ரோஜாவை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றால் டிசம்பரிலேயே செடியைக் கவாத்து செய்யணும். சுமார் 45 நாளில் புதுக்கிளை வந்து மொட்டு விடும். குளிர் கூடினால் நாள் தள்ளும், பனியில் நோயும் வரும். அதனால் எல்லோருக்கும் அவசரம், ஆள் போதவில்லை. ஒருநாள் அம்மா, "ஏங்க, சும்மா உக்காந்து வானத்தைப் பாக்குறதுக்கு என்கூட வாங்களேன்" என்றார்.

விடியற்காலையில் மப்ளர் கட்டிக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள். வரிசையாக மொட்டை மொட்டையாக நின்ற செடிகளைப் பார்த்து, பாவம், செத்துப்போச்சு என்று நினைத்தாராம் அப்பா. எந்தக் கணுவுக்கு மேலே, எப்படிச் சாய்வாக வெட்டணும் என்று அம்மாதான் சொல்லிக்கொடுத்தார். "மெதுவா வெட்டுங்க, அது இரும்பு இல்ல!" அப்பா கை முழுக்க முள் கீறல். இரண்டு வாரம் கழித்து, வெட்டிய இடத்தில் சிவப்பாகத் துளிர் வந்திருப்பதாக அக்காவிடம் வந்து சொன்னார். ஊருக்குப் போகும் பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை. அக்கா பரீட்சைக்குப் படிக்க ஆரம்பித்தாள்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு இன்னும் புரியவில்லை. முதல் நாள் கூலி அப்பாவுக்கு 400 ரூபாய். அவருக்கு வேலை கற்றுக்கொடுத்த அம்மாவுக்கு 250. அன்று சாயங்காலம் அப்பா இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து அம்மா கையில் கொடுத்தார். அம்மா எண்ணிப் பார்த்து, 150 ரூபாயைத் தனியாக எடுத்து வைத்து, "இது என்னுது" என்றார். அப்பா சிரித்துவிட்டார். அதில்தான் அக்காவுக்குக் கணக்கு கைடு வாங்கினோம்.

பொங்கல் கழிந்து கம்பெனியில் கூப்பிட்டார்கள். இரண்டு மாதத்தில் கொரோனா ஊரடங்கு. அது பெரிய கதை, இந்தத் தாளில் இடமில்லை.

இப்போது அப்பா வேறு கம்பெனியில் இருக்கிறார். டிசம்பர் ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் அம்மாவோடு கவாத்துக்குப் போகிறார். அம்மாவுக்கு இப்போது 400 ரூபாய். அப்பாவுக்கு எவ்வளவு என்று மட்டும் என் வீட்டுக்கு வந்தால் கேட்டுவிடாதீர்கள், அம்மாவுக்குக் கோபம் வரும்.

- ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி