கைமாறி வந்த கைமருந்து

நுழையும்முன்

சளியும் இருமலும் வரும் பருவத்தில் அடுப்பங்கரையே முதல் மருத்துவச்சாலை ஆகிறது. அங்கு உருவாகும் மருந்துகளுக்குச் சொல்லிக் கொடுத்தவரும் கேட்டுச் செய்தவரும் உண்டு. தனி உரிமையாளர் இலர். அத்தகைய மருந்து ஒன்றின் பெயருக்கு ஒருவர் மட்டும் உரிமை கோரினால் என்ன நேரும்? அமெரிக்கச் சமையலறை ஒன்றில் பெயர் பெற்ற காரக்காடியின் வரலாறு அவ்வினாவுக்கு விடை கூறுகிறது.

குளிரும் காரமும்

ஒவ்வொரு நிலமும் தன் குளிர்காலத்திற்கென ஒரு காரத்தை வைத்திருக்கிறது. ஐப்பசி அடைமழை தொடங்கியதும் தமிழர் இல்லங்களில் அஞ்சறைப்பெட்டியிலிருந்து மிளகு வெளிவரும், சுக்கு தட்டப்படும், கொல்லையிலிருந்து துளசியும் கற்பூரவல்லியும் பறித்து வரப்படும். சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய மூன்றையும் சேர்த்துத் திரிகடுகம் என்பர். உடல்நோய்க்கு மருந்தாகும் இம்மூன்றின் பெயரையே, பாடல்தோறும் மும்மூன்று அறக்கருத்துகளைக் கூறும் தம் நூலுக்கு நல்லாதனார் சூட்டினார். கைமருந்தின் பெயர் இலக்கியத்தின் பெயராகும் அளவுக்கு அது மக்கள் வாழ்வோடு கலந்திருந்தது.

அமெரிக்க இல்லங்கள் பலவற்றில் இதே வேலையைச் செய்வது 'ஃபயர் சைடர்' என்னும் பானம். 'ஃபயர்' என்பது தீ. 'சைடர்' என்பது ஆப்பிள் சாறு. ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்துப் பெறும் காடியில், அதாவது வினிகரில், காரமான வேர்களையும் பூண்டையும் ஊறவைத்துத் தேன் கலந்து செய்வதால் அதனைத் தமிழில் 'தீக்காடி' எனலாம். இலையுதிர் காலத்தில் ஆப்பிள் அறுவடை முடியும் வேளையில் இதனைச் செய்யத் தொடங்குவர். குளிர் முற்றும்போது புட்டியில் மருந்து பதமாகியிருக்கும்.

புட்டியில் ஒரு திங்கள்

தீக்காடி செய்வதற்கு அடுப்பு வேண்டா, பொறுமையே வேண்டும். ஒரு லிட்டர் கொள்ளும் கண்ணாடிப் புட்டியைக் கழுவி, ஈரமின்றி உலர்த்திக்கொள்வர். துருவிய இஞ்சி அரைக் குவளை, துருவிய குதிரைமுள்ளங்கி வேர் அரைக் குவளை, நறுக்கிய வெங்காயம் ஒன்று, நசுக்கிய பூண்டு பத்துப் பல், கீறிய மிளகாய் ஒன்றிரண்டு ஆகியவற்றைப் புட்டியில் இடுவர். சிலர் மஞ்சளும் எலுமிச்சைத் தோலும் சேர்ப்பர். பின்னர் அனைத்தும் மூழ்கும்படி ஆப்பிள் காடியை ஊற்றுவர். காடிக்கு மேலே துண்டுகள் தலைகாட்டினால் பூஞ்சை பிடிக்கும் என்பதால் அதில் கருத்தாக இருப்பர். காடியின் புளிப்பு இரும்பு மூடியை அரித்துவிடும். ஆகவே மூடிக்கும் புட்டிக்கும் இடையே ஒரு தாளை வைத்து மூடுவர்.

வெயில் படாத இடத்தில் மூன்று அல்லது நான்கு வாரம் அப்புட்டி இருக்கும். நாள்தோறும் ஒருமுறை அதனைக் குலுக்கி வைப்பர். இடையில் பூண்டு நீலமாகவோ பச்சையாகவோ நிறம் மாறுவதுண்டு. புதிதாகச் செய்பவர் அது கெட்டுவிட்டதென அஞ்சுவர். பழகியவரோ பூண்டு புளிப்பில் ஊறும்போது நிகழும் இயல்பான மாற்றம் அது என்று அறிவர். காலம் நிறைந்ததும் துணியில் வடிகட்டி, சக்கையைப் பிழிந்து, சுவைக்கேற்பத் தேன் கலந்தால் தீக்காடி ஆயத்தமாகிவிடும்.

இச்செய்முறையின் ஒவ்வொரு படியிலும் அறிவியல் இருக்கிறது. ஆப்பிள் சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் ஆல்கஹாலாக மாற்றுகிறது. அந்த ஆல்கஹாலை வேறொரு வகைப் பாக்டீரியா காற்றின் துணையோடு அசிட்டிக் அமிலமாக மாற்றுகிறது. அவ்வமிலமே காடிக்குப் புளிப்பைத் தருவது. பிற நுண்ணுயிர்கள் அதில் எளிதில் பெருக இயலா.

குதிரைமுள்ளங்கி கடுகின் குடும்பத்தைச் சேர்ந்தது. முழு வேராக இருக்கும்போது அதற்கு நெடி மிகக் குறைவு. துருவியதும் அதன் திசுக்கள் சிதைந்து, தனித்தனியே இருந்த பொருள்கள் ஒன்றோடொன்று கலந்து, மூக்கைத் துளைக்கும் காரம் பிறக்கிறது. பூண்டின் நிலையும் அதுவே. நசுக்கும்போதுதான் அல்லிசின் என்னும் பொருள் உருவாகிறது. தன்னைக் கடிக்கும் உயிரைத் தடுக்கச் செடி வைத்திருக்கும் படைக்கலம் மனிதனுக்குச் சுவையாகவும் மருந்தாகவும் தோன்றுகிறது.

அந்த ஒரு புட்டியில் எத்தனை நிலங்கள் அடங்கியுள்ளன! ஆப்பிளும் பூண்டும் மத்திய ஆசியாவிலிருந்து புறப்பட்டவை. இஞ்சியும் மஞ்சளும் ஆசியாவின் வெப்ப நிலங்களுக்கு உரியவை. குதிரைமுள்ளங்கி தென்கிழக்கு ஐரோப்பாவையும் மேற்கு ஆசியாவையும் சார்ந்தது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்தில் விளைந்து, போர்ச்சுகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. காடியும் தேனும் கலந்த 'ஆக்சிமெல்' என்னும் மருந்து, கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் நூல்களிலேயே பேசப்படுகிறது.

மருந்தின் எல்லை

கைமருந்தைப் போற்றுவோர் அதன் எல்லையையும் அறிந்திருத்தல் வேண்டும். சளியை உண்டாக்குபவை வைரசுகள். தீக்காடி அவற்றை அழித்து நோயைத் தீர்க்கும் என்பதற்கு உறுதியான மருத்துவச் சான்று இல்லை. எளிய சளி, மருந்து உண்டாலும் உண்ணாவிட்டாலும் பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாள்களில் தானே தணியும். ஆயினும் காரம் அடைபட்ட மூக்கு திறந்ததுபோன்ற உணர்வைத் தரும். தேன் இருமலுக்கு இதம் அளிக்கும்.

ஒருவர் ஒரு வேளைக்கு ஒரு மேசைக்கரண்டி அளவையே வெந்நீரில் கலந்து பருகுவர். நீர் கலக்காத காடி பல்லின் எனாமலை அரிக்கும், தொண்டையையும் புண்ணாக்கும். வயிற்றுப்புண் உடையவருக்கு இது ஏற்றதன்று. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கலந்த எதனையும் கொடுத்தல் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைப் பாக்டீரியாவின் வித்துகள் அக்குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கலாம். காய்ச்சல் நீடித்தாலோ மூச்சுத்திணறல் தோன்றினாலோ மருத்துவரை நாடுவதே அறிவுடைமை. எதற்கு உதவும் என்பதோடு, எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லித் தரும்போதுதான் கைமருந்து முழுமையான அறிவாகிறது.

பெயருக்கு வந்த வழக்கு

ரோஸ்மேரி கிளாட்ஸ்டார் என்னும் அமெரிக்க மூலிகை ஆசிரியர் 1978-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் மூலிகைக் கல்விக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். அப்பள்ளியின் சமையலறையில் இக்காடியைச் செய்து, 'ஃபயர் சைடர்' என்னும் பெயரில் மாணவர்களுக்குக் கற்பித்தார். காடியில் மூலிகைகளை ஊறவைக்கும் பழைய மரபின் தொடர்ச்சியே அது. செய்முறையை அவர் மறைக்கவில்லை. கற்றவர்கள் தத்தம் ஊர்களில் செய்தனர், தங்கள் நிலத்தில் கிடைப்பவற்றைச் சேர்த்தனர், பிறருக்கும் கற்பித்தனர். சிலர் சிறு புட்டிகளில் அடைத்துச் சந்தைகளில் விற்றனர். மருந்தோடு அதன் பெயரும் கைமாறியது.

மாசசூசெட்ஸ் மாநிலத்து நிறுவனம் ஒன்று 2012-ஆம் ஆண்டு அப்பெயரைத் தன் வணிகக்குறியாகப் பதிவு செய்தது. வணிகக்குறி என்பது செய்முறைக்குத் தரப்படும் உரிமை அன்று. பெயருக்குத் தரப்படும் உரிமை. எனவே காடியை எவரும் செய்யலாம். ஆனால் அப்பெயரிட்டு விற்றல் இயலாது என்னும் நிலை உருவாயிற்று. பல ஆண்டுகளாக வழங்கிவந்த பெயரைத் தம் புட்டியில் எழுதச் சிறு விற்பனையாளர்கள் அஞ்ச வேண்டியதாயிற்று.

மூலிகை மருத்துவத்தில் ஈடுபட்டோர் பலர் ஒன்றுதிரண்டு பதிவை நீக்குமாறு 2014-ஆம் ஆண்டு முறையிட்டனர். அப்பெயரைக் கைவிட மறுத்த மூன்று பெண்கள் மீது நிறுவனம் வழக்குத் தொடுத்தது. கூட்டாட்சி நீதிமன்றத்தில் நடைபெற்ற அவ்வழக்கில் முதன்மையாக எழுந்த வினா ஒன்றுதான்: 'ஃபயர் சைடர்' என்பது ஒரு நிறுவனத்தின் பொருளைச் சுட்டும் பெயரா, அல்லது ஒருவகைப் பானத்தைச் சுட்டும் பொதுப்பெயரா?

பதிவுக்கு முன்பே அச்சொல் பொதுவழக்கில் இருந்தது என்பதை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. அச்சேறிய செய்முறைகளும் பலரின் சாட்சியங்களும் அதற்குத் துணைநின்றன. 2019-ஆம் ஆண்டு செப்டம்பரில் நீதிமன்றம் அதனைப் பொதுப்பெயர் எனத் தீர்ப்பளித்தது. 'இரசம்' என்னும் பெயரைத் தமிழ்நாட்டில் ஒருவர் மட்டும் தமக்கெனக் கொள்ள இயலாததுபோல, அப்பெயரையும் எவரும் தனியுடைமை ஆக்க இயலாது என்பதே அதன் பொருள். நிறுவனம் தன் பானத்தை விற்கத் தடையேதும் இல்லை. பிறரைத் தடுக்கும் உரிமையே இல்லாமற்போயிற்று.

மஞ்சள் தந்த பாடம்

இத்தகைய வழக்கு இந்தியருக்குப் புதிதன்று. புண்ணின்மேல் மஞ்சளை அரைத்துப் பூசுவது இந்திய இல்லங்களில் குழந்தையும் அறிந்த செய்தி. மஞ்சளைக் கொண்டு புண்ணை ஆற்றும் முறைக்கு 1995-ஆம் ஆண்டு அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. வணிகக்குறி பெயரைக் காப்பதுபோல, காப்புரிமை புதிய கண்டுபிடிப்பைக் காப்பது. இந்திய அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றம், இதில் புதுமை ஏதும் இல்லை என எதிர்த்து வழக்காடியது.

எல்லாருக்கும் தெரியும் என்று கூறுவது அங்கே போதவில்லை. பழைய நூல்களிலிருந்தும் ஆய்விதழ்களிலிருந்தும் எழுத்துச் சான்றுகள் திரட்டப்பட்டன. 1953-ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கழகத்தின் இதழில் வெளிவந்த கட்டுரையும் அவற்றுள் ஒன்று. 1997-ஆம் ஆண்டு அக்காப்புரிமை நீக்கப்பட்டது. அந்தப் பட்டறிவின் விளைவாக 2001-ஆம் ஆண்டு 'மரபு அறிவு மின்னூலகம்' தொடங்கப்பட்டது. ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றோடு சித்த மருத்துவ நூல்களின் செய்திகளும் அதில் தொகுக்கப்பட்டு, ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், ஜப்பானியம் ஆகிய மொழிகளில் காப்புரிமை ஆய்வாளர்களுக்குக் கிடைக்கச் செய்யப்பட்டுள்ளன.

எழுதி வைத்தல்

இவ்விரு வழக்குகளும் ஒரே உண்மையை உணர்த்துகின்றன. கைமருந்து பகிரப்படுவதால் வாழ்கிறது, எழுதப்படுவதால் காக்கப்படுகிறது. நூல்களில் ஏறிய மருத்துவ அறிவுக்கு மின்னூலகம் உண்டு. நூலேறாத அறிவோ இன்னும் பாட்டியரின் நினைவில் மட்டுமே இருக்கிறது. 'ஒரு பிடி', 'ஒரு சிட்டிகை', 'பாதியாகச் சுண்டும்வரை' என்னும் அளவுகள் அவர்தம் கைகளுக்கே தெரியும். அக்கைகள் ஓய்ந்தபின் கேட்டறிய வழியில்லை.

ஆகவே பதினாறு பதினேழு அகவையினர் ஒவ்வொருவரும் தம் வீட்டு மழைக்காலக் கசாயத்தை ஒரு தாளில் எழுதிவைத்தல் நன்று. சுக்கு எத்தனை துண்டு, மிளகு எவ்வளவு, ஒரு சிட்டிகை என்பது எத்தனை கிராம், எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும், யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கொடுத்தலாகாது என்பனவற்றை அதில் குறித்தல் வேண்டும். சொன்னவர் பெயரும், அவர் யாரிடம் கற்றார் என்பதும், எழுதிய நாளும் இடம்பெற்றால் அத்தாளே சான்றாகும். எழுதிய தாளின் படியொன்றைப் பக்கத்து வீட்டாருக்கும் கொடுத்தால் அம்மருந்து மீண்டும் ஒருமுறை கைமாறும்.